போன வருஷத்துக் கொம்பு

கொண்டைக்குருவிகள் மறுபடியும் வந்துவிட்டன. வேலிக் கம்பியில் இரண்டும் உட்கார்ந்து, தலையை இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் ஒருமுறை சாய்த்து, செடி இருந்த இடத்தைப் பார்த்தன. பிறகு அங்கமுத்துவைப் பார்த்தன. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலையிலேயே பெருக்கியிருந்த பாதையை இன்னொரு தடவை பெருக்கினார். குருவிக்கு என்ன, போன சித்திரையில் இங்கே பழம் இருந்தது, இந்தச் சித்திரையிலும் இருக்கும் என்று வருகிறது, இல்லையென்றால் அடுத்த வேலிக்குப் போகப்போகிறது, அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மனைவி பவளத்துக்குச் சொல்ல வேண்டும். பவளம் மத்தியான பஸ்ஸில் வருகிறாள். மகளின் இரண்டாவது பிரசவத்துக்கென்று கார்த்திகையில் திருப்பூருக்கு இறங்கிப் போனவள், தையில் வருகிறேன் என்றாள், மாசி முடியட்டும் என்றாள், இப்போது சித்திரையில் வருகிறாள். வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் நேராகப் பின்பக்கம்தான் போவாள். அவளுக்கு அது வழக்கம். மேட்டுப்பாளையத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தாலும் முதலில் தோட்டத்தின் கீழ்த்தட்டுக்கு இறங்கி முள்ளிச் செடியைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வீட்டிலிருக்கும் மனுஷனைப் பார்ப்பாள். இன்றைக்கு இறங்கிப் பார்த்தால் என்ன இருக்கிறது? முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமாக நறுக்கி நிறுத்திய பதினோரு கட்டைகள். கட்டைகளின் அடியிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கிளம்பிய துளிர்கள். இலை, இலை, வெறும் இலை. ஒரு பழம் கிடையாது. பூகூடக் கிடையாது. வெட்டியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. அந்த வெட்டைப் பார்த்தாலே தெரியும், மழைத் தண்ணீர் நிற்காமல் வழிந்துபோக ஒரு பக்கமாகச் சரித்து, பிசிறில்லாமல், ஒவ்வொன்றும் அச்சு வார்த்தாற்போல. கோத்தகிரி முழுக்கத் தேடினாலும் இப்படி வெட்டுகிற கை வேறு இல்லை என்று எஸ்டேட்டில் சொல்வார்கள்.

தோட்டம் என்று சொன்னால் பெரிய இடமில்லை. வீட்டுக்குப் பின்னால் சரிந்து இறங்கும் மண்ணை மூன்று தட்டாக வெட்டிக் கல் அடுக்கியிருந்தார். மேல்தட்டில் பிளம்ஸ் இரண்டு, பீச் ஒன்று. நடுத்தட்டில் பேரி மரமும் எலுமிச்சையும். இவை அவருடையவை, கயிறு பிடித்து நேர் பார்த்துக் குழி வெட்டினவை, ஒரு மரத்தின் நிழல் இன்னொன்றின் மேல் விழாது, அடியில் ஒரு புல் இருக்காது, பிளம்ஸ் பிஞ்சு விட்டால் கொப்புக்கு இத்தனை என்று வைத்துக்கொண்டு மிச்சத்தை உதிர்த்துவிடுவார், அப்போதுதான் நிற்கிறது பெருக்கும். கீழ்த்தட்டு பவளத்தினுடையது. அங்கே எந்த ஒழுங்கும் கிடையாது. கொழுந்து எடுக்கப் போன காலத்தில், எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டு ஓரத்திலிருந்து ஒரு முள்ளிக் கொம்பைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்து ஊன்றினாள். கறுகறுவென்று கொத்தாகப் பழுக்கும் ஜாதி, வாயில் போட்டால் நாக்கெல்லாம் ஊதாவாகிவிடும். அந்த ஒரு கொம்பு வில்லாக வளைந்து நுனியால் மண்ணைத் தொட்டது. தொட்ட இடத்தில் வேர் விட்டது. அங்கிருந்து இன்னொரு கொம்பு கிளம்பி இன்னொரு இடத்தைத் தொட்டது. அப்படியே நடை போட்டு நடை போட்டுத் தட்டு முழுவதையும் பிடித்துக்கொண்டது. பாதையை மறித்தது. தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அவருடைய கம்பளிச் சட்டையைப் பிடித்து இழுத்தது. நின்று, திரும்பி, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு நகர வேண்டும். “இதைக் கொஞ்சம் கட்டுக்குள்ளே வைக்கக்கூடாதா?” என்று ஒருமுறை கேட்டார். “வச்சிருக்கேனே. மேல்தட்டுக்கு வரல பாருங்க,” என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான். அவர் ஒரு வார்த்தை பேசுவதற்குள் அவள் பேசி முடித்து அடுப்படிக்குப் போயிருப்பாள். பேசாமலிருப்பது அவருக்கு ஒரு கஷ்டமுமில்லை. ஆனால் இந்த ஐந்து மாதமாக வீட்டில் பேசாமலிருப்பது அவர் மட்டும் இல்லை, பாத்திரங்களும் பேசவில்லை, வானொலியைப் போட்டால் அதில் பேசுகிறவன் யாரிடமோ பேசுகிறான். சோறு ஒரு ஆளுக்கு வடித்தால் குழைகிறது. இரண்டு ஆளுக்கு வடித்தால்தான் பதம் வருகிறது. மிச்சத்தை ராத்திரிக்கு வைத்துக்கொள்கிறார். இப்போது அது எதற்கு? பஸ் இந்நேரம் குஞ்சப்பனையைத் தாண்டியிருக்கும். வளைவுகளில் அவளுக்குத் தலை சுற்றும், எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருவாள். எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டிருப்பாளோ இல்லையோ.

கவாத்துதான். வேறொன்றுமில்லை, வெறும் கவாத்து. கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் சேர்ந்த நாளிலிருந்து ரிட்டயர் ஆகிற வரைக்கும் கையில் கவாத்துக் கத்தி பிடித்தவன், ஒரு செடி நீண்டு வளைந்து பாதையில் கிடந்தால் என்ன செய்வான்? தேயிலையை அப்படி விட்டால் மரமாகப் போய்விடும், கொழுந்து வராது. வெட்டி நிறுத்தினால்தான் அடியிலிருந்து புதிதாகத் தள்ளும். எந்தச் செடியும் அப்படித்தான் என்று யாரும் நினைப்பார்கள். மாசியில் ஒரு நாள் காலை பனி விலகியதும் கத்தியைத் தீட்டி, அளவுக் குச்சி ஒன்று நறுக்கி வைத்துக்கொண்டு கீழ்த்தட்டில் இறங்கினார். வெட்ட வெட்டக் கை சூடேறியது. பழைய நாட்களைப் போலத் தோளிலிருந்து ஒரே வீச்சு, ஒரே சத்தம். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா துணி காயப்போட வந்தவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டாள். “என்னங்கண்ணே, அத்தனையும் வெட்டுறீங்க? அக்காகிட்டக் கேட்டீங்களா?” என்றாள். “கவாத்து,” என்று மட்டும் சொன்னார். “முள்ளுக்குக்கூடக் கவாத்தா? அப்படியே எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு கவாத்துப் போட்டு விடுங்க, மனுஷன் வரவர வழியை மறிச்சுக்கிட்டுப் படுக்கிறாரு,” என்று சிரித்துக்கொண்டே போனாள். அவர் சிரிக்கவில்லை. வெட்டின கொம்புகளை எடுத்துக் கட்டைகளின் மேலேயே பரப்பி மூடினார், வெயில் நேராகப் பட்டால் வெட்டுவாய் வெடித்துவிடும். தேயிலைக்கு அப்படித்தான் செய்வது. எல்லாம் முறைப்படி. நிமிர்ந்து பார்த்தபோது கீழ்த்தட்டு முதல்முறையாகத் தட்டாகத் தெரிந்தது, பாதை பாதையாகத் தெரிந்தது, அவருக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்தாற்போலத்தான் இருந்தது. பங்குனியில் ரோட்டோரத்து முள்ளிகளெல்லாம் பூத்தன. இங்கே துளிர் வந்தது. நல்ல துளிர்தான், கட்டைவிரல் கனத்தில். பூ பின்னால் வரும் என்று இருந்தார். ரோட்டோரத்தில் காய் பிடித்தது. இங்கே இலை பெரிதானது. ஒரு நாள் ரோட்டோரத்துச் செடி ஒன்றின் பக்கத்தில் நின்று, பழம் எங்கே தொங்குகிறது என்று கொம்பைப் பிடித்துக்கொண்டே அடி வரைக்கும் போய்ப் பார்த்தார். எல்லாம் போன வருஷத்துக் கொம்பு. பட்டை கறுத்து, முள் முற்றின கொம்பு. இந்த வருஷத்துப் பச்சைக் கொம்பில் ஒன்றுகூட இல்லை. அதைப் பிடித்தபடியே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். ஜீப்பில் போன யாரோ திரும்பிப் பார்த்தார்கள். தேயிலையில் நாம் எடுப்பது இலை, இதில் எடுப்பது பழம். இவ்வளவுதான் வித்தியாசம், இது ஒரு ஆயுசுக்கும் தோன்றவில்லையே. ஆனால் அவள் சொல்லியிருக்கலாம். சொல்லாதது அவள் தப்பு. சொல்லியிருந்தால் தொட்டிருப்பாரா? சொல்லவில்லை. அவள் செடியைப் பற்றி அவள் ஒரு நாளும்… இல்லை. சொன்னாள். முற்றத்தில் உட்கார்ந்து விரலில் முள் எடுத்துக்கொண்டே சொன்னாள், “கறுத்த கொம்பை மட்டும் தொட்டுறாதீங்க, அதுலதான் காய்க்கும், காய்ச்சு முடிஞ்சதும் அதுவே காஞ்சு போயிரும்.” அவர் “ம்” என்றார். அந்த “ம்” கூட ஞாபகமிருக்கிறது.

பீச் மரத்தடியில் நின்று மேலே பார்த்தார். பறிக்கிற பதத்தில் ஒன்பது இருந்தன, நேற்று பத்து. ஒன்றை அணில் கடித்துப் போட்டிருந்தது. பழம் வேண்டுமென்றால் பீச் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாளில் பிளம்ஸ் சிவந்துவிடும், வீட்டில் பழத்துக்கு என்ன பஞ்சம், என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தார், மெதுவாக, வாய்க்குள். நன்றாக இல்லை. அடுப்படி மாடத்தில் தட்டு போட்டு மூடி வைத்திருக்கும் கிண்ணம் வேறு. விடியற்காலையில் எஸ்டேட் ஓரமாக நடந்து போய், யாரும் வருவதற்குள் ஒரு கிண்ணம் முள்ளிப்பழம் பறித்துக்கொண்டு வந்திருந்தார். இந்த வயசில் முள் புதருக்குள் கையை விட்டுக்கொண்டு, ஆள் நடமாட்டம் கேட்டால் செருப்பு வாரைச் சரிசெய்கிறவர்போலக் குனிந்துகொண்டு. அவள் வந்து உட்கார்ந்ததும் கிண்ணத்தை நீட்டினால்? ‘பறிச்சிட்டேன், இதுதான் கடைசி’ என்றால்? அவள் பின்பக்கம் போகாமலே இருந்துவிட்டால்? உள்ளே போய்த் தட்டைத் தூக்கி ஒரு பழத்தை வாயில் போட்டார். புளித்தது, பல்லில் மண் நெறுநெறுத்தது, ரோட்டுப் புழுதி. அவள் ஒரு பழத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள், ‘இது நம்ம செடி இல்லையே’ என்பாள். அதற்கப்புறம் இரண்டு காரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும், செடிக்கு ஒன்று, கிண்ணத்துக்கு ஒன்று. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கீழ்த்தட்டுக் கல் மேல் கொட்டினார். கொண்டைக்குருவிகள் உடனே இறங்கவில்லை. அவர் ஏறி நடுத்தட்டுக்கு வந்து, பேரி மரத்துக்குப் பின்னால் நின்ற பிறகு இறங்கின. ஒவ்வொன்றாகக் கொத்தித் தலையை அண்ணாந்து விழுங்கின. விடியற்காலையில் பட்ட பாடெல்லாம் ஒரு பீடி குடிக்கிற நேரத்தில் தீர்ந்துபோயிற்று. கையைப் பார்த்தால் விரல் நுனியெல்லாம் ஊதா. சோப்புப் போட்டுத் தேய்த்தார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். எலுமிச்சையைப் பிழிந்து தேய்த்தார், கீறல்களில் பட்டு எரிந்தது. கொஞ்சம் போயிற்று. நகக்கண்ணில் இருந்தது போகவில்லை.

சண்டை போடட்டும். அவளுக்குச் சண்டை போடத் தெரியும். போட்டால் அரை நாள், அதற்கப்புறம் மறந்துவிடுவாள். சண்டைக்குப் பயமில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டால்? இங்கே இருப்பதற்கு அவளுக்கு என்ன இருக்கிறது? சொந்தபந்தம் எல்லாம் எஸ்டேட்டை விட்டு இறங்கிக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போயாயிற்று. குளிர் அவளுடைய முட்டிக்கு ஆகவில்லை. அங்கே பேத்தி இருக்கிறாள், இப்போது பேரனும் வந்துவிட்டான், மகள் சுகன்யா கம்பெனி வேலைக்குத் திரும்பிப் போக வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எல்லாம் நியாயம். அவர் ஒரு தராசை வைத்து நிறுத்தால் அந்தத் தட்டுதான் இறங்கும். இந்தத் தட்டில் வைக்க ஒரு முள்ளிச் செடி இருந்தது. “நீங்களும் வாங்கப்பா,” என்று சுகன்யா ஒவ்வொரு போனிலும் சொல்கிறாள், “தோட்டத்தை யார் பாக்குறது?” என்று அவரும் ஒவ்வொரு போனிலும் சொல்கிறார். தோட்டத்தினாலா? போன வருஷம் மூன்று நாள் போய்த் தங்கினார். மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு ஜன்னல். மாப்பிள்ளை நல்ல பையன், தங்கமான பையன், அவர் ஹாலுக்கு வந்தால் எழுந்து நிற்கிறான், அதனால் அவர் ஹாலுக்கு வருவதில்லை. ஒரே பாத்ரூம், உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் யாராவது காத்திருப்பார்களோ என்று வந்த வேலை முடியாமலே வெளியே வந்துவிடுவார். இருமல் வந்தால் தலையணையில் வாயை வைத்து இருமினார். தண்ணீர் லாரி வருகிற நாளில் எல்லாரும் குடத்தோடு ஓடுகிறார்கள், அவரும் எழுந்து ஓடலாமா கூடாதா என்று தெரியாமல் குடத்தைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றார். வெயில் வேறு. ராத்திரியில்கூட சுவர் சுடுகிறது. இல்லை, அங்கே போய் இருக்க முடியாது. அவள் இங்கே இருக்க வேண்டும். ஆனால் ‘இரு’ என்று அவர் ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை. ‘இரு’ என்று ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நின்றுகொண்டு, சாப்பிடும்போதா, சாப்பிட்ட பிறகா? செடி இருந்தவரைக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் சொல்ல வேண்டியதை அவளிடம் அது சொல்லிக்கொண்டிருந்தது.

வளைவில் ஹாரன் கேட்டது. தேயிலைக் கம்பெனி லாரியா, பஸ்ஸா? பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும், பையைத் தூக்க வேண்டும், போகலாம் என்று சட்டையை மாற்றினார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அதை இறுக்கினார். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து, பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரன் ‘என்ன மேஸ்திரி, வீட்டுக்காரம்மா வந்தாச்சா’ என்று கேட்பான், பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதற்கு ஒரு பதில் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நின்றார். நின்றால் நினைப்பு பிடித்துக்கொள்கிறது, நகர்ந்தால் இழுக்கிறது. அந்தக் காலை. கத்தியைத் தீட்டியது பனி விலகினதும் என்று சொல்வது சரியில்லை. பனி விலகி வெகுநேரம் ஆகிவிட்டிருந்தது. அதற்கு முன்னால் போன் வந்தது. எடுத்ததும் அவள் கேட்டது, “முள்ளி மொக்கு விட்டிருச்சா?” சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை, ராத்திரி இருமுறீங்களா என்று கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவருக்குக் காய்ச்சல், அது அவளுக்கு எப்படித் தெரியும், அவர் சொல்லவில்லையே. “இன்னும் இல்ல. கொம்புதான் நீளமாக் கிடக்கு,” என்றார். “நல்லாப் பாத்துக்கங்க. எப்படியும் பழத்துக்கு வந்துருவேன்,” என்றாள். பழத்துக்கு. போனை வைத்துவிட்டு அந்த வார்த்தையோடு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். பழத்துக்கு வருவாள், பழம் முடிந்ததும் போவாள், குருவியைப் போல. அதற்குப் பிறகுதான் கல்லில் தண்ணீர் தெளித்து, கத்தியை வைத்துத் தேய்த்தார். கறுத்த கொம்பு எது பச்சைக் கொம்பு எது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. இரண்டும் தனித்தனி நிறம், கண்ணிருக்கிற எவனுக்கும் தெரியும். முதலில் கறுத்ததைத்தான் வெட்டினார். பச்சையை அப்புறம் வெட்டியது, வித்தியாசம் தெரியாமலிருக்க. இது நினைப்பில் வந்ததும் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டார். இல்லை, அப்படி இல்லை, கவாத்து, வெறும் கவாத்து. பாதையை மறித்தது. சட்டையை இழுத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு விளக்குமாற்றை எடுத்து வாசலைப் பெருக்க ஆரம்பித்தார்.

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா உங்களை யாராவது புடிச்சு வச்சுக்குவாங்களா?”

ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. பவளம் இரண்டு பைகளோடு வாசலில் நின்றாள். முகம் கொஞ்சம் கறுத்திருந்தது, கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது.

“கிளம்பிட்டுத்தான் இருந்தேன்.”

“எதுல, விளக்குமாத்துலயா?”

பையை வாங்கிக்கொண்டார். இப்போது பின்பக்கம் போவாள். சுவரோரமாக இரண்டு எட்டு வைத்தால் கீழ்த்தட்டு தெரியும். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். கால் கழுவினாள். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாடா, என்ன குளிரு, என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவர் டீ போடப் போனார். பால் பொங்குகிறவரைக்கும் காது அவள் எழுந்திருக்கும் சத்தத்துக்காகவே நின்றது. எழுந்திருக்கவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு பேரனைப் பற்றிப் பேசினாள். மூக்கு அப்படியே உங்க மூக்கு, பாவம், வளந்தாச் சரியாப் போயிரும்னு சொல்லியிருக்கேன். பேத்தி ஸ்கூலில் போட்ட ஆட்டத்தைச் சொன்னாள், மாப்பிள்ளைக்குச் சம்பளம் கூடினதைச் சொன்னாள். பின்கதவு திறந்துதான் இருந்தது. அதன் வழியாக வெளிச்சம் அவள் மடி வரைக்கும் வந்து விழுந்திருந்தது. ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஊரில் எல்லாரையும் பற்றிப் பேசுகிறாள், செடியைப் பற்றிப் பேசவில்லை. அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் உள்ளே ஏதோ கழன்றுகொண்டாற்போல இருந்தது. அவள் கோபப்படுவாள் என்றுதானே இத்தனை நாள் பயந்தது. கோபப்படக்கூட இங்கே அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை போலிருக்கிறது. மனசு அங்கேயே தங்கிவிட்டது, இது வெறும் உடம்பு, பையை எடுக்க வந்த உடம்பு. இதைவிட அவள் அந்தக் கட்டைகளின் மேல் நின்று தெரு கேட்கத் திட்டியிருக்கலாம்.

“பின்னாடி போகலையா?” என்று கேட்டுவிட்டார். கேட்டது தன் குரல்தானா என்று இருந்தது.

“போய் என்ன பாக்க? ஸ்டெல்லா அன்னைக்கே போன்ல சொல்லிட்டா, அண்ணன் கத்தியும் குச்சியுமா இறங்கிட்டாருன்னு.”

“நீ ஒண்ணும் கேக்கலியே.”

“என்னத்தக் கேக்கிறது? நானும் அந்தக் காட்டுல கொழுந்து எடுத்தவதானே. கவாத்துப் போட்ட காட்டுக்கு மாசக்கணக்குல ஆள் வேண்டாம்னு எனக்குத் தெரியாதா?” அவள் டம்ளரைச் சாய்த்து அடியில் கிடந்த சர்க்கரையைச் சுழற்றினாள். சொல்லும்போது முகம் இளகியிருந்தது. “இந்த மனுஷன் வாயைத் திறந்து வர்றேன்னு சொல்ல மாட்டாரு, வெட்டி நிறுத்திட்டுக் கிளம்பத் தயாராயிட்டாருன்னு நினைச்சேன். சுகன்யாகிட்டயும் சொன்னேன். மாப்பிள்ளை அன்னைக்கே போய் உங்களுக்குன்னு ஒரு கட்டில் வாங்கிப் போட்டுட்டாரு. ஜன்னலோரமா.”

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். எவ்வளவு நல்ல காரணம், அவர் யோசித்து வைத்திருந்த எல்லாவற்றையும்விட நல்ல காரணம், அதுவும் அவளே கொடுத்தது. தலையை ஆட்டினால் அவள் முகம் இப்படியே இருக்கும். கட்டில் ஜன்னலோரமாக இருக்கும். ஆனால் ஆட்டினால் அந்தக் காலை எங்கே போகும்? அது உள்ளேயே கிடக்கும், அந்தக் கட்டில் மேல் படுத்து எதிர் வீட்டு ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் வந்து சட்டையைப் பிடிக்கும். அளவு தப்பாக ஒரு கிளையை விட்டுவிட்டுப் போனால்கூட ராத்திரி தூங்க முடியாத மனுஷன்.

“அதுக்கு வெட்டல,” என்றார்.

“பின்ன?”

அவர் தன் நகக்கண்களைப் பார்த்துக்கொண்டார். அடுப்பில் பால் பாத்திரம் ஆறிக்கொண்டு டிக்கென்று ஒரு சத்தம் போட்டது.

“நீ பழத்துக்கு வர்றேன்னு சொன்னே.”

“ஆமா. சொன்னேன். அதுக்கு?”

இருந்தது அவ்வளவுதான், அதையும் வெளியே வைத்தாயிற்று. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் புருவம் சுருங்கியது. பிறகு மெல்ல மெல்லப் பிரிந்தது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

“செடி மேலயா கோபம்?”

அவர் வாசலைப் பார்த்தார்.

“அந்த முள்ளு மேலயா? இத்தனை வயசுக்கு மேல, தலை நரைச்சு, பேரன் பேத்தி எடுத்து, ஒரு முள்ளுச் செடியோட…” முடிக்க முடியவில்லை, தோள் குலுங்கிச் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பு நின்ற பிறகும் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு வேறு குரலில் பேசினாள்.

“வெட்டியாச்சுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். பழம் இல்லைன்னு தெரியும். தெரிஞ்சும் அந்தப் பஸ்ல வாந்தி எடுத்துக்கிட்டு ஏறி வந்திருக்கேன். எதுக்குன்னு அதையும் நானே சொல்லணுமா?”

அவர் எழுந்து பின்பக்கம் போனார். கீழ்த்தட்டில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தேயிலைக் கம்பெனியிலிருந்து வாட்டின இலையின் வாசனை வந்தது. துளிர்கள் இரண்டு மாதத்தில் இடுப்பு உயரத்துக்கு வந்து, இப்போதே ஒரு பக்கம் சாய ஆரம்பித்திருந்தன. ஆள் இல்லையென்றால் ஆடி ஆவணிக்குள் நுனி மண்ணைத் தொட்டுவிடும், ஐப்பசிக்குள் பாதை போய்விடும், அடுத்த சித்திரையில் கதவைத் திறந்தால் நடுத்தட்டில் பேரி மரத்தடி வரைக்கும் பழமும் முள்ளுமாக நிற்கும். ஸ்டெல்லாவிடம் சொல்லி வைத்தால் பீச்சைப் பறித்துக்கொள்வாள். அடுத்த வருஷம் பிளம்ஸைப் பிஞ்சிலேயே உதிர்க்க அவளுக்குத் தெரியாது, எல்லாம் கோலிக்குண்டு கோலிக்குண்டாய்ப் போகும். மூன்றாவது மாடி. ஒரே பாத்ரூம். எழுந்து நிற்கிற மாப்பிள்ளை. சுடுகிற சுவர். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எதுவும் குறையவில்லை, எல்லாப் பயமும் அப்படியே அதனதன் இடத்தில் இருந்தது.

உள்ளே வந்தார். பவளம் பீரோவைத் திறந்துவைத்து அவளுடைய ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுப் பக்கம் போய் நின்றார்.

“எத்தனை சட்டை எடுத்துக்கணும்?” என்று கேட்டார்.